கையெழுத்துக் கேட்ட மாமன்

காளியப்பனுக்கு அப்பன் விட்டுப்போன நிலம் கிடையாது, சொல்லிக்கொள்ளும் படிப்பு கிடையாது, நாலு பேர் மலைத்து நிற்கும்படியான உடம்பும் கிடையாது. இருந்தது குரல் ஒன்றுதான். அவர் வாயைத் திறந்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். தமிழ்நாட்டு எல்லையில் ஓடுகிற பாலாற்றுக்கு அந்தக் கரையில், கொளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பெரியவர்கள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இளவட்ட வயதில் ஆற்றைத் தாண்டி மைசூருக்கு வந்தார். கல் சுமந்தார், சாந்து குழைத்தார், பிறகு மற்றவர்கள் சுமப்பதை நின்று மேய்த்தார். கத்திக் கத்தியே மேஸ்திரி ஆனார் என்று அவருடைய மனைவி கமலம்மாள் சொல்வாள். அதில் பாதி கேலி, பாதி உண்மை.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு நல்ல காலம் பிறந்தது. தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஊருக்கு ஊர் டெலிபோன் போக வேண்டுமானால் ஊருக்கு ஊர் கேபிள் பள்ளம் தோண்ட வேண்டும். பெங்களூர்க் காண்டிராக்டர் ஒருவரிடமிருந்து மைசூர் முதல் குண்டலுபேட்டைக்கு அப்பால் வரை ரோட்டோரப் பள்ளம் வெட்டும் வேலையைக் காளியப்பன் எடுத்தார். ஊரார் பேசிக்கொள்ள வழி வெட்டுகிற வேலை. வெட்டுகிறவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்வது என்பது பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ஆட்கள் இரண்டு கூட்டம். நஞ்சன்கூட்டுப் பக்கம் சென்னம்மாவின் கூட்டம். புருஷனை இழந்த பிறகு தானே ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்த துணிச்சல்காரி. குண்டலுபேட்டைக்கு அப்பால் கருப்புசாமியின் கூட்டம். அவன் கமலம்மாளின் கூடப்பிறந்த தம்பி. இரண்டு கூட்டமும் ரோட்டோரத்தில் கூடாரம் அடித்து, பள்ளம் நகர நகரத் தாங்களும் நகர்ந்தன. காளியப்பன் மைசூர் காந்தி நகரில் வாடகை வீட்டில் இருந்தபடி அரிசி, பருப்பு, சாமான், லாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு வருவார். மற்ற நாளெல்லாம் போன்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சேகரனின் பூத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். முதலில் நஞ்சன்கூட்டுப் பூத்துக்குப் போன் போடுவார்.

“என்ன சென்னம்மா, வேலை ஆச்சா?”

“ஆகல. மம்முட்டி எல்லாம் தேஞ்சு கரண்டியாட்டம் ஆயிருச்சு. புதுசு அனுப்பினா ஆகும், இல்லாட்டி நீங்களே வந்து நகத்துல பறிங்க.”

காளியப்பன் கத்துவார். அவளும் கத்துவாள். மறுநாள் மண்வெட்டி போய்விடும். அடுத்தது குண்டலுபேட்டை.

“மாப்ள, ஆச்சா?”

“ஆயிருச்சுங்க மாமா.”

“சொன்ன எடம் வரைக்கும் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுருச்சுங்க மாமா.”

அவ்வளவுதான். கருப்புசாமி வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டுக் காளியப்பன் சேகரனிடம் பெருமைப்பட்டுக்கொள்வார்: “மச்சான் தயவு இருந்தா மலையேறிப் பொழைக்கலாம்பாங்க. பாத்தீங்களா, நம்ம மாப்ளய?” சேகரன் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். “நிஜ, நிஜ” என்று கன்னடத்தில் சொல்லித் தலையாட்டுவார். அவருக்கு மீட்டர் ஓடினால் சரி.

அந்த மாசியில் காளியப்பனின் ஒரே குழந்தை ஜீவிதாவுக்கு அம்மை போட்டது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த குழந்தை. வீட்டு வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. ஆத்தா வந்திருக்கிற வீட்டிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய்க் கூட்டத்தில் கலப்பது வழக்கமில்லை. வேலை இடத்துக்குப் போவது நின்றது. தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும் போனில் கேட்டதுதான் காளியப்பனுக்கு வேலை. கேட்டதெல்லாம் ‘ஆயிருச்சுங்க மாமா’.

கேபிள் உருளையோடு லாரி குண்டலுபேட்டைக்குப் போன அன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. ஆள் நெஞ்சு மட்டத்துக்கு இருக்க வேண்டிய பள்ளம், ஒரு வளைவில் முழங்கால் மட்டத்தோடு நின்றுவிட்டது. அடியில் கரும்பாறை. கூட வந்த இன்ஜினியர் சின்னப் பையன். திட்டக்கூட இல்லை. டேப்பை விட்டு அளந்து, ஒரு தாளில் எழுதி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டான். பெங்களூர்க் காண்டிராக்டர் போனில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “தினமும் எழுதி வாங்கறதில்லையா?”

அந்தக் கேள்வி காளியப்பனைத் தைத்துவிட்டது. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது அவருக்குத் தெரியாததா? சொந்தக்காரன் என்று வாய்ப்பேச்சை நம்பியதால் வந்த வினை என்று முடிவு கட்டினார். அன்று மாலையே, கோபம் ஆறுவதற்கு முன்னால், இனி தினமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். சென்னம்மாவிடம்தான் முதலில் சொன்னார்.

“எனக்கு எழுதத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்,” என்றாள் அவள். “ரேகை வேணும்னா வெக்கறேன். வெச்ச கையோட மூட்டையக் கட்டிட்டு ஊருக்கும் போயிருவேன். எது வேணும், சொல்லுங்க.”

காளியப்பன் சிரித்துவிட்டார். அவளுக்குச் சட்டம் தள்ளுபடி. அந்தச் சிரிப்போடு கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் அதற்குள் விரல் குண்டலுபேட்டை நம்பரைச் சுழற்றிவிட்டது.

“மாப்ள, இனிமே இந்த வாய்ப்பேச்சு வேலைக்கே ஆகாது. அன்னன்னிக்கு என்ன ஆச்சு, என்ன ஆகலைன்னு ஒரு சீட்டுல எழுது. அடியில கையெழுத்துப் போடு. மைசூர் பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்து அனுப்பு.”

“கையெழுத்துங்களா மாமா?”

“ஆமா. கையெழுத்து. நாளைக்கு இல்லைன்னு சொல்லக் கூடாதில்ல?”

“சரிங்க மாமா.”

நம் ஜனங்கள் கையெழுத்துப் போடுகிற இடங்கள் எவை? நிலத்தை விற்கிற இடம், போலீஸ் ஸ்டேஷன், பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டு பிரிகிற இடம். எழுதிக் கொடு என்றால் உன்னை நம்பவில்லை என்று அர்த்தம். இன்ஜினியருக்கும் காண்டிராக்டருக்கும் தாள் வெறும் தாள்தான். அக்காள் புருஷன் மச்சானிடம் கேட்டால் அது வேறு. காளியப்பனுக்கும் இது தெரியும். வேறு யாராவது தன்னிடம் கேட்டிருந்தால் குதித்திருப்பார். தான் கேட்கும்போது மட்டும் தெரியவில்லை.

சீட்டு வந்தது. கர்நாடகத்து ஹனூர்ப் பக்கம் படித்தவர்கள் என்பதால் அக்காளுக்கும் தம்பிக்கும் பேச்சு தமிழ், எழுத்து கன்னடம். காளியப்பனுக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. கமலம்மாள்தான் வாசித்துச் சொன்னாள். “வேலை நடக்கிறது. கருப்புசாமி.” மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. கையெழுத்து மட்டும் தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டிருந்தது.

“இதுல என்னத்தத் தெரிஞ்சுக்கறது?” என்றார் காளியப்பன்.

“நீங்க கேட்டது கையெழுத்து. அது இருக்குதில்ல?” என்றாள் கமலம்மாள்.

அப்புறம் சீட்டும் நின்றது. ஒரு நாள் காலையில் வாசலில் லாரி வந்து நின்று, கடப்பாரைகளையும் மண்வெட்டிகளையும் மண் அள்ளும் பாண்டுகளையும் இறக்கிவிட்டுப் போனது. எல்லாம் மண் போகக் கழுவி, துடைத்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. லாரிக்காரன்தான் சொன்னான்: கருப்புசாமி ஆட்களோடு அதே ரோட்டில் வேறொரு காண்டிராக்டரிடம் சேர்ந்துவிட்டான்.

கமலம்மாள் கழுவிய கடப்பாரைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் காளியப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“எங்கப்பா நெலத்துக்கு எங்கிட்டக்கூட அவன் கையெழுத்துக் கேக்கல,” என்றாள். “அக்கா, உனக்கு வேணுங்கறத எடுத்துக்கன்னான். அவன்கிட்ட நீங்க கேட்டீங்க.”

“பள்ளம் முடிஞ்சுதுன்னு பொய் சொன்னது அவன்!”

“பொய்தான். எதுக்குச் சொன்னான்னு கேட்டீங்களா?”

காளியப்பன் குனிந்து கடப்பாரைக் கட்டு ஒன்றைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். கத்தாமல் பேச்சை விடுவது அவருக்குப் புதிய அனுபவம்.

குழந்தை தேறிவிட்டது. தேறினால் மாதேஸ்வரன் மலையில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக அம்மை போட்ட அன்றே கமலம்மாள் வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். காது குத்துவதென்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். ஜீவிதாவுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். “எந்தம்பி மடி இல்லாம எம்புள்ள காதுல ஊசி படாது” என்று கமலம்மாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். சாமிக் கடனைத் தள்ளிப்போடவும் முடியாது, மாமனை மாற்றவும் முடியாது.

தாய்மாமனைக் கார்டு போட்டு அழைக்க முடியாது. போன் போட்டு அழைப்பது அதைவிட மோசம். தாம்பூலத் தட்டோடு புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நேரில் போய்க் கூப்பிட வேண்டும். ஆனால் கமலம்மாள் தட்டையும் வெற்றிலையையும் தேங்காயையும் பையில் வைத்துப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். “அவமானப்படுத்துனது நீங்க ஒருத்தர்தான். போய்ட்டு வாங்க.”

குண்டலுபேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது காளியப்பன் வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தார். முதலில் குசலம், பிறகு குழந்தை, பிறகு அழைப்பு. கூடாரத்துக்குள் தனியாக, யாருக்கும் தெரியாமல் முடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். கெஞ்சுவதை ஆட்கள் பார்த்தால் மேஸ்திரிக்கு மதிப்பு ஏது? ஊருக்கு அப்பால் புதிய காண்டிராக்டரின் பள்ளம் தெரிந்தது. இறங்கி நடந்து பார்த்தார். பாதி தூரத்துக்கு இடுப்பு மட்டம்தான் ஆகியிருந்தது. இங்கேயும் பாறை.

கூடாரத்தில் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள், கருப்புசாமி அண்ணன் பூத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். காளியப்பன் அங்கே போனார்.

தினமும் போன் போட்டுக் கூப்பிட்ட அந்தப் பூத்தை அவர் முதல் முறையாகப் பார்த்தார். இவ்வளவு நாளும் அது அவருக்கு ஒரு குரல் மட்டும்தான். சேகரனின் பூத்து மாதிரி கண்ணாடிக் கதவும் மின்விசிறியும் இருக்கும் என்று நினைத்திருந்தார். இங்கே மளிகைக் கடையின் ஒரு மூலையில் மேஜை, அதன்மேல் போன், மீட்டர். தடுப்பு என்று ஒன்றும் இல்லை. கருப்புசாமி நின்றபடி ரிசீவரைப் பிடித்திருந்தான். அவனுக்குப் பின்னால் கூட்டத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர்; ஊருக்குப் பேச வேண்டியவர்கள், கடையில் சாமான் வாங்க வந்தவர்கள், சும்மா வந்தவர்கள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

ஏனென்றால் போன் பேசியது. புதிய காண்டிராக்டரின் குரல் ரிசீவரைத் தாண்டிக் கடை முழுக்கக் கேட்டது. “என்னய்யா பண்றே? சொன்ன இடம் முடிஞ்சுதா இல்லையா? உன்னால முடியலைன்னா சொல்லு, வேற ஆளை வெச்சுக்கறேன்!” ஒருவன் தரையைப் பார்த்தான். இன்னொருவன் பக்கத்திலிருந்தவனை இடித்துச் சிரித்தான். கருப்புசாமியின் பிடரி மட்டும் காளியப்பனுக்குத் தெரிந்தது. அது விறைத்து நின்றது.

“ஆயிருச்சுங்க,” என்றான் கருப்புசாமி. “முடிஞ்சுருச்சுங்க.”

காளியப்பன் கடை வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தக் காண்டிராக்டர் சாதாரணக் குரல்காரர். அவர் பேச்சே இவ்வளவு கேட்கிறதென்றால் தன் தொண்டை எப்படிக் கேட்டிருக்கும்? ஒருத்தனிடம் தனியாகப் பேசுவதாக நினைத்துத் தினமும் ஒரு கூட்டத்தின் நடுவில் அவனை நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார். ‘கையெழுத்துப் போடு’ என்றதை, ‘நாளைக்கு இல்லைன்னு சொல்லக் கூடாதில்ல’ என்றதை, இதோ இந்தச் சிரிக்கிறவன், இந்தத் தரையைப் பார்க்கிறவன், உப்பு வாங்க வந்தவன், எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஆட்கள் தலைவனின் முகத்தைப் பார்த்துத்தான் கடப்பாரை எடுக்கிறார்கள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் அங்கே நின்று ‘இல்லை’ என்று எப்படிச் சொல்வான்? நாளைக்குள் எப்படியாவது முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் இன்றைக்கு ‘ஆயிருச்சு’. அவ்வளவுதான் அந்தப் பொய். காளியப்பனுக்கு வெட்கமாக இருந்தது.

கருப்புசாமி போனை வைத்துவிட்டுத் திரும்பினான். பார்த்தான். எவ்வளவு பகை இருந்தாலும் வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருக்கக் கூடாது.

“வாங்க மாமா,” என்றான். சொல்லிவிட்டு மீட்டருக்குக் காசு எண்ணத் திரும்பிக்கொண்டான்.

கூடாரத்துக்குப் போய்ப் பேசலாம் என்று சொல்லத்தான் காளியப்பன் வாயெடுத்தார். அவமானப்படுத்தியது இந்தக் கடையில். சமாதானம் மட்டும் கூடாரத்துக்குள்ளா? பையிலிருந்து தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். வெற்றிலையை அடுக்கினார். தேங்காயை வைத்தார். அவசரத்தில் பாக்கு உருண்டு கீழே விழ, கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார்.

“எல்லாருங் கேளுங்கப்பா,” என்றார், தன் சொந்தக் குரலில். “எம் மாப்ளகிட்ட நாங் கையெழுத்துக் கேட்டேன். அது எந்தப்பு. பாறைய நாந்தான் வந்து பாத்திருக்கோணும். எம்புள்ளைக்கு மலையில காது குத்தறோம். அவ உக்கார இந்த ஒரு மடிதான் இருக்குது. மாப்ள, நீ வரலீன்னா எங்களுக்குக் காது குத்து இல்ல.”

“மேஸ்திரி, மெதுவாங்க, மைசூருக்கே கேக்குது!” என்றான் சிரித்தவன். இந்த முறை எல்லோருமே சிரித்தார்கள். கருப்புசாமி சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கினான்.

“தேதி எப்பங்க மாமா?” என்றான்.

பிறகு இருவரும் ரோட்டோரமாகக் கூடாரத்துக்கு நடந்தார்கள்.

“பின்னால ஆளுங்க நிக்கறப்ப சொல்ல முடியாது, செரி,” என்றார் காளியப்பன். “எழுதுனப்பவாவது சொல்லியிருக்கலாமே மாப்ள?”

கருப்புசாமி வழியில் கிடந்த கல்லொன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினான். “உங்களுக்கு ரிப்போட்டுன்னு உக்காந்தா எனக்குக் கை வரலீங்க மாமா. கோர்ட்டுல நிக்கறாப்பல இருக்குது. அக்காவுக்குன்னா எழுதிருவேன். சின்னதுலருந்து எதுக்கு அழுதாலும் அக்காகிட்டத்தான் அழுதிருக்கேன்.”

“அப்ப அக்காவுக்கே எழுது.”

“கையெழுத்துங்க?”

“நாசமாப் போச்சு கையெழுத்து!” என்றார் காளியப்பன்.

மலையில் காது குத்து நடந்தது. ஜீவிதா மாமன் மடியில் உட்கார்ந்து அவன் விரலைக் கடித்துக் காயமாக்கினாள். எடுத்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன் என்று கருப்புசாமி பாறையை உடைத்துப் புதிய காண்டிராக்டரின் பள்ளத்தை முடித்தான். பிறகு கழுவிய கடப்பாரைகள் மறுபடியும் லாரி ஏறிக் குண்டலுபேட்டைக்குப் போயின. சில நாளில் கண்டக்டர் கையில் சீட்டு வந்தது. கமலம்மாள் விளக்கடியில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தாள்.

“அக்கா, புள்ளைக்குக் காது ஆறுச்சா? என்ற விரல் ஆறிப்போச்சு. இங்க ரெண்டு நாளா பாறைதான். கடப்பாரை மூக்கெல்லாம் மழுங்கிப்போச்சு. மாமா சொன்ன புளியமரம் வரைக்கும் பாதிகூட ஆகல. இப்பிடியே போனா கேபிள் வர்றதுக்குள்ள ஆகாது. மாமாகிட்ட நல்ல நேரம் பாத்துச் சொல்லு.”

அதைவிடக் கெட்ட சேதி அந்த மாதத்தில் வேறு வந்திருக்க முடியாது. காளியப்பன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். ‘பாதிகூட ஆகல’ என்ற இடம் வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். லாட்டரி விழுந்தவன் முகம் மாதிரி இருந்தது.

உடனே எழுந்து பூத்துக்குப் போனார். “மாப்ள, ஆளுங்கெல்லாம் சாப்பிட்டாங்களா? நம்ம கம்ப்ரஸர் வண்டி வேற வேலையா அந்தப் பக்கமா வருது. சும்மாதானே நிக்கும், ரெண்டு நாளைக்கு உங்க எடத்துலயே வெச்சுக்கறீங்களா?”

“வரட்டுங்க மாமா,” என்றான் கருப்புசாமி, பெரிய மனது பண்ணி. “எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. இருந்தாலும் வரட்டும்.”

பாறை உடைக்கிற வண்டி சும்மா ஒரு பக்கம் போகுமா? சேகரனுக்குக்கூட இதில் ஏதோ நாடகம் இருக்கிறது என்று தெரிந்தது. அப்புறம் வேலை அப்படியே நடந்தது. நல்லதெல்லாம் போனில்; கெட்டதெல்லாம் அக்காவுக்கு எழுத்தில். சென்னம்மா மட்டும் நல்லது கெட்டது இரண்டையும் போனிலேயே கத்தினாள். அவளுக்கு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. குழுவை நடத்த ஒரே வழிதான் உண்டு என்று யாராவது சொன்னால் காளியப்பன் அந்த இரண்டு பேரையும் நினைத்துச் சிரித்துக்கொள்வார். சிரித்தாலும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. மச்சான் தன்னிடம் வாய்விட்டு ஒரு ‘இல்லை’ சொல்ல மாட்டானா என்ற குறை. கேட்டு வாங்குகிற பொருள் இல்லை அது. அதனால் கேட்கவில்லை.

மழைக்காலம் முடிந்து வேலை பந்திப்பூர்க் காட்டை நெருங்கியிருந்தது. ஒரு மாலை வழக்கம்போலக் காளியப்பன் போன் போட்டார்.

“மாப்ள, எல்லாரும் சாப்பிட்டாச்சா?”

“சாப்பிட்டாச்சுங்க மாமா. அப்பறம் மாமா, இன்னிக்கு ஆகலீங்க. பெரிய பாறைங்க.”

கருப்புசாமிக்குப் பின்னாலிருந்து யாரோ ஒருவன் எட்டிக் கத்தினான்: “ஆனை மாதிரிக் கெடக்குதுங்க மேஸ்திரி!” இன்னொரு குரல், ஒரு பெண் குரல்: “கம்ப்ரஸரு அனுப்பச் சொல்லுங்கண்ணா!” அதற்கும் பின்னால் சிரிப்பு, இருமல், கடையில் எதையோ நிறுக்கிற சத்தம். இத்தனை நாளும் அங்கே நின்று கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த ஜனம்.

காளியப்பன் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். மீட்டர் ஓடுவதைச் சேகரன் சுட்டிக் காட்டியும் வைக்கவில்லை. மெதுவாகப் பேச முயன்றபடி, அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விசாரித்தார்.